இடக்கை மடிப்பு

“ஸ்டூலை எறக்குங்கட்டி, சீக்கிரம்” என்று கத்தினேன். வாயைத் திறக்காமல் கத்துவது ஒன்று இருக்கிறது. கஸ்டமர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அப்படித்தான் கத்த வேண்டும். லேபர் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார், முதல் மாடியை முடித்துவிட்டு உங்கள் மாடிக்குத்தான் வருகிறார் என்று செக்யூரிட்டி போன் பண்ணியிருந்தான். ஸ்டூல் எல்லாம் பின்னால் குடோன் பரண்மேல் கிடந்தது. மாரிக்கனி ஏறினாள். அவள் நல்ல உயரம். ஒவ்வொன்றாக எடுத்து அவள் நீட்ட, கீழே நின்ற பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து கவுண்டருக்குப் பின்னால் வைத்தார்கள். வைத்து முடித்த பிறகு பார்க்கிறேன், ஒரு ஸ்டூலுக்கும் மேலே சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளைப் பிரிக்கவே இல்லை. பிரிக்க நேரமும் இல்லை. லிஃப்ட் கதவு திறந்துவிட்டது.

உங்கள் மடியில் இருக்கிறதே, அந்தப் பை, அந்தக் கடைதான். அதைப் பார்த்துத்தான் பேச்செடுத்தேன். இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் நான் பேசுகிறவள் இல்லை. பட்டுச் சேலையா எடுத்தீர்கள்? இரண்டாம் மாடியா? அப்படியானால் என் மாடி. இன்று நான் லீவு, அதனால் பார்த்திருக்க மாட்டீர்கள். பத்தொன்பது வருஷமாக அங்கேதான் நிற்கிறேன். பெயர் ஆவுடையம்மாள். பிள்ளைகளுக்கு ஆவுடைக்கா. பட்டு செக்‌ஷனுக்கு ஹெட். பையைக் கட்டியபடியே வைத்துக்கொள்ளுங்கள். ஆசையில் இங்கே பிரித்தால் திரும்ப அதே மாதிரி மடிக்க உங்களால் முடியாது. அது வேறு மடிப்பு.

ஸ்டூலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்தால் நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள்? கவுண்டருக்கு முன்னால் குஷன் போட்ட ஸ்டூலில். உங்களுக்கு எதிரில் சேலையை விரித்துக் காட்டுகிறவள் நிற்கிறாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிற்பாள். நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். ரேக்கில் கொஞ்சம் சாய்ந்தால் மேலே கேமரா பார்க்கிறவன் மைக்கில் சொல்வான். பெயர் சொல்ல மாட்டான். “செகண்ட் ஃப்ளோர், கவுண்டர் நாலு” என்பான். கேட்கிற உங்களுக்கு ஏதோ அறிவிப்பு மாதிரி இருக்கும். நாலாம் கவுண்டரில் நிற்கிறவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். பாத்ரூம் போக டோக்கன் உண்டு. மரத்துண்டு, அதில் நம்பர். மாடியில் முப்பத்துநாலு பெண்கள், இரண்டு டோக்கன். இரண்டும் என் இடுப்பில் தொங்கும். நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கொஞ்சம் பொறு என்றுதான் சொல்வேன்.

வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது கடையில் ஸ்டூல் வாங்கினார்கள். வாங்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். அப்புறம் நடக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். இடைஞ்சல்தான். நானே ஒருநாள் முழங்காலை இடித்துக்கொண்டேன்.

அந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். சின்ன வயசு. “உக்கார்றீங்களாம்மா எல்லாரும்?” என்று பொதுவாகக் கேட்டார்.

“உக்காருவாங்க சார், கஸ்டமர் இல்லாதப்ப” என்றேன். பொய்யில்லை. கஸ்டமர் இல்லாத நேரம் என்று ஒன்று அங்கே கிடையாது, அது வேறு விஷயம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். அப்போது மாரிக்கனி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் தாள் சரசரவென்று சத்தம் போட்டது. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மேனேஜர் ஜெயசிங் சார் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

லிஃப்ட் கதவு மூடியது. மற்றவர்கள் ஸ்டூலைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

“ஏட்டி, எந்திரி.”

“யக்கா, சட்டமும் லிஃப்ட்லயே எறங்கிப் போயிட்டா?”

பக்கத்துக் கவுண்டர் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். “வாய் பேசாத. கேமரா இருக்கு.”

“இருக்கட்டும். அதப் பாக்குதவன் உக்காந்துதான பாக்கான்?”

மைக்கில் “செகண்ட் ஃப்ளோர், கவுண்டர் நாலு” என்று வந்தது. அவள் அசையவில்லை. இரண்டாம் தடவையும் வந்தது. மூன்றாம் தடவை வந்தால் மேலே கூப்பிடுவார்கள். மேலே போனவர்கள் சிரித்த முகத்தோடு இறங்கி நான் பார்த்ததில்லை. அவள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். அவளுக்காகத்தான். கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டேன் போல. சாயங்காலம் வரைக்கும் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மாரிக்கனி எங்கள் பக்கத்துப் பிள்ளை. புளியங்குடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்து, “ஒங்க பொறுப்பும்மா” என்று என் கையில்தான் விட்டுவிட்டுப் போனாள். கடை ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டில். வந்த முதல் நாளே கவனித்தேன், எதற்கும் இடக்கைதான் முன்னால் வரும். கல்யாணப் பட்டை இடக்கையால் எடுத்து நீட்டினால் யார் வாங்குவார்கள்? பெண்ணோடு வந்த ஒரு அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் இடக்கையை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிவிடுவேன். மூன்று மாதம். அழுதாள். நான் விடவில்லை. எடுப்பது, விரிப்பது, பில் சீட்டு எழுதுவது எல்லாம் வலக்கைக்கு வந்துவிட்டது. மடிப்பது ஒன்று மட்டும் வரவில்லை. மடிக்கிற நேரத்தில் கஸ்டமர் எழுந்து போயிருப்பார்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் எனக்குத் தெரியும். ரேக்கில் நூறு சேலை இருந்தால் எது அவள் மடித்தது என்று எடுத்துக் கொடுத்துவிடுவேன். எங்கள் செக்‌ஷனில் கடைசி முனையை உள்ளே செருகி முடிப்போம். அப்போதுதான் தூக்கும்போது பிரியாது. மற்றவர்களுக்குச் செருகல் வலப்பக்கமிருந்து வரும். அவளுக்கு இடப்பக்கமிருந்து. தப்பு என்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் மடித்ததைவிட இறுக்கமாகவே இருக்கும்.

திருமங்கலம் தாண்டிவிட்டதா? நீங்கள் ராஜபாளையம் தானே, நேரம் இருக்கிறது. நான் சங்கரன்கோவில்.

இன்ஸ்பெக்டர் வந்துபோன மறு வாரம்தான் ஒரு அம்மா வர ஆரம்பித்தாள். வனஜா. சங்கத்துக்காரி என்று அப்போது தெரியாது. கண்ணாடி, பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. நேராக நாலாம் கவுண்டருக்குப் போய் உட்காருவாள். “மாம்பழக் கலர்ல, பார்டர் சின்னதா” என்பாள். மாரிக்கனி இறக்கி இறக்கிப் போடுவாள். அரை மணி, முக்கால் மணி. ஒன்றும் எடுக்காமல் போவாள். அடுத்த வாரம் வந்து மறுபடி மாம்பழக் கலர் கேட்பாள். கஸ்டமரோடு பேசினால் மைக்கில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் இல்லையா? அங்கே நாங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசக்கூடிய ஒரே ஆள் கஸ்டமர்தான். அதைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். கெட்டிக்காரி.

எனக்கு எப்படிப் புரிந்தது தெரியுமா? சேலை எடுக்க வருகிறவள் சேலையைப் பார்ப்பாள். ஜரிகையை விரலால் தேய்ப்பாள், வெளிச்சத்தில் பிடிப்பாள், விலைச்சீட்டைத் திருப்புவாள். இவள் மாரிக்கனியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை மேலே சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒருநாள் அந்தப் பக்கம் நான் போனபோது வனஜா என்னிடம், “உங்க கால் எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டாள்.

என் கால் உங்களுக்குத் தெரியாது. முழங்காலுக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி சுருட்டிக்கொண்டு நிற்கும். கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டுதான் காலையில் கட்டிலை விட்டு இறங்குவேன். சேலைக்குள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? மாரிக்கனி சொல்லியிருக்கிறாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கடைக்குள் ஒருத்தரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. “எங்காலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு ரேக்குக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. வேலை ஒன்றும் இல்லை அங்கே.

மறுநாள் காலையில் ஹாஸ்டல் குழாயடியில் மாரிக்கனியைப் பிடித்தேன். “எங்காலப் பத்தி கண்டவகிட்டயெல்லாம் சொல்லுதியோ?”

“யக்கா, ஒங்க காலத்தான் மொத எழுதச் சொல்லிருக்கேன்.”

“எதுலட்டி எழுத?”

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இடக்கையில்தான் தூக்கினாள்.

எதில் என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. கீழே வாசல் பக்கம் கஸ்டமர் ஆலோசனைப் பெட்டி என்று ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், யாரும் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் அதைத் திறப்பார்கள். உள்ளே ஒரு காகிதம். கம்ப்யூட்டரில் அடித்தது. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, பணியாளர்கள் என்று மட்டும் கீழே போட்டிருந்தது. ஸ்டூலைப் பரணிலிருந்து இறக்க வேண்டும், டோக்கனை எடுக்க வேண்டும், மைக்கில் கூப்பிடக் கூடாது, மூத்தவர்களின் காலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், பதினைந்து நாளில் செய்யாவிட்டால் சங்கமாகச் சேர்ந்து லேபர் ஆபீஸ் போவோம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

ஜெயசிங் சார் செக்‌ஷன் ஹெட்டுகளை ஒவ்வொருத்தராக ஆறாம் மாடிக்குக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் போனவர்கள் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் உள்ளே போனேன்.

“உக்காருங்கம்மா” என்றார்.

நான் நின்றேன். கேட்டது சரிதானா என்று தெரியவில்லை.

“அட, உக்காருங்க.”

நல்ல நாற்காலி. தலை வரைக்கும் மெத்தை. உட்கார்ந்ததும் கால் இரண்டும் என்னுடையதே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. டீ வந்தது, பீங்கான் கோப்பையில். அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “கால் எப்படி இருக்கும்மா? நரம்புத் தொந்தரவு எதுவும் இருக்கா?” என்று கேட்டார். பாருங்கள், அவருக்கும் தெரிந்திருக்கிறது. கேட்காமல் இருந்தாரே தவிர மனசில் வைத்திருந்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “பரவால்ல சார்” என்றேன்.

“இதக் கொஞ்சம் பாருங்க.”

கண்ணாடி கொண்டுபோகவில்லை. நான் படிக்கவில்லை. கையில் வாங்கினேன், அவ்வளவுதான். மடிப்புத் தடத்தைக் கை பார்த்துவிட்டது. பெட்டியில் காகிதம் போடுகிறவர்கள் நாலாக மடிப்பார்கள். இது நீளவாக்கில் இரண்டு, குறுக்கே மூன்று, கடைசி முனை உள்ளே செருகி. “சார், இது பட்டு செக்‌ஷன் மடிப்பு” என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “எப்படிச் சொல்றீங்க?”

சொன்னேன். தொழில் தெரிந்தவரிடம் தொழில் பேசுவது மாதிரிதான் சொன்னேன். அவர் மேஜைமேல் குனிந்து கேட்டார். நான் பேசி அவர் குனிந்து கேட்டது அன்றைக்குத்தான். பருத்தி செக்‌ஷன் எப்படி மடிக்கும், ஃபேன்சி செக்‌ஷன் எப்படி மடிக்கும் என்று எல்லாம் சொன்னேன். “பாருங்க சார், இதுல செருகல் எடப்பக்கமிருந்து வருது” என்று அந்தத் தடத்திலேயே மடித்துக் காட்டினேன்.

“அப்ப இடக்கைக்காரங்களா?”

“எஞ் செக்‌ஷன்ல எடக்கையால எழுதுத ஆள் ஒருத்தரும் கெடையாது சார்.” அது சத்தியம். நான்தான் மாற்றிவிட்டேனே.

“எழுதுறதைக் கேக்கல. மடிக்கிறது?”

நான் டீயைக் குடித்தேன்.

நான் பெயர் சொல்லவில்லை. இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், நான் பெயர் சொல்லவில்லை. என் வாயிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை. டீ சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடிக்க நேரமாயிற்று. அதுவரைக்கும் அவர் காத்துக்கொண்டிருந்தார். முடித்ததும், “சரிங்கம்மா, போங்க. காலைப் பாத்துக்கங்க” என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பாட்டுக்கு இறங்கும்போது கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தினமும் பார்ப்பதுதான். மாரிக்கனியின் சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் ஒரு பட்டு ஜாக்கெட் துணி இருந்தது. அரக்குக் கலர். என்னைக் கீழே கூப்பிட்டார்கள். இது உங்கள் செக்‌ஷன் துணியா என்று கேட்டார்கள். ஆமாம், எங்கள் செக்‌ஷன் துணிதான். அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். அது அந்தப் பைக்குள் எப்படி வந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

துணி மடித்திருந்தது. செருகல் வலப்பக்கமிருந்து. அதையும் யாரும் கேட்கவில்லை.

அவள் அழவில்லை. ஜெயசிங் சார் வந்தார். “உனக்கு இடக்கையாம்மா, வலக்கையா?” என்று அவளிடம் கேட்டார். சும்மா விசாரிப்பது மாதிரிதான் கேட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “யக்கா, அந்தத் துணியப் பாருங்க” என்றாள். “பாத்துட்டுச் சொல்லுங்க.”

“எனக்கு மேல வேல கெடக்கு” என்று வந்துவிட்டேன். கவுண்டர் நாலில் கஸ்டமர் காத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு முகூர்த்தப் பட்டு. பொய்யில்லை.

சாயங்காலத்துக்குள் அவள் கட்டில் காலி. பெட்டியை ஹாஸ்டல் வாசலில் வைத்துவிட்டார்கள். அவள் தலையணைக்கடியில் ஒரு சீப்பு கிடந்தது, நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தத் தெருவில் ஒரு கடையில் திருடி என்று பெயர் வந்தால் இன்னொரு கடையில் படியேற விட மாட்டார்கள். போட்டோ வாட்ஸ்அப்பில் போய்விடும். போயிற்று. ஊருக்கும் போயிருக்கும். அவள் அம்மா புளியங்குடியில்தான் இருக்கிறாள். சங்கரன்கோவிலில் இருந்து எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் அந்தப் பக்கம் போவதாக இல்லை. எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

ஒதுங்கிப் போயிருந்தால் இந்நேரம் மறந்திருப்பார்கள். ஜவுளிக்கடை இல்லாவிட்டால் ஒரு பாத்திரக்கடை. அவள் போகவில்லை. அந்த வனஜாவைக் கூட்டிக்கொண்டு லேபர் ஆபீஸில் கேஸ் போட்டுவிட்டாள். மனு போட்டதற்காகத்தான் என்னை நிறுத்தினார்கள், துணியை நான் எடுக்கவில்லை, வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று. கடைக்காரர்கள் என்ன சொன்னார்கள்? மனு யார் போட்டது என்றே எங்களுக்குத் தெரியாது, திருடினாள், நிறுத்தினோம். அவ்வளவுதான்.

கேஸ் வந்த பிறகு ஸ்டூல் எல்லாம் பரணிலிருந்து இறங்கிவிட்டது. அதையும் சொல்ல வேண்டும். இப்போது கவுண்டருக்குப் பின்னால் வரிசையாக இருக்கிறது. பிளாஸ்டிக்கையும் பிரித்துவிட்டார்கள். பிள்ளைகள்தான் உட்காருவதில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். “உக்காருங்கட்டி, இப்ப ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ” என்று. ஒருத்தி, பதினெட்டு வயசுதான் இருக்கும், “நீங்க உக்காருங்கக்கா” என்றாள். என்னிடம் முன்னால் வம்பளப்பார்கள், பாட்டுப் பாடிக் காட்டுவார்கள். இப்போது டோக்கன் கேட்க மட்டும்தான் பக்கத்தில் வருகிறார்கள். எனக்குத் தனியாக நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், பில்லிங் பக்கத்தில். முதுகுக்கு மெத்தை வைத்தது. காலுக்காகத்தான். நான் அதில் அதிகம் உட்காருவதில்லை.

இன்றைக்கு விசாரணை. இப்போது அங்கிருந்துதான் வருகிறேன். நாலு நாள் லீவு ஜெயசிங் சாரே போட்டுக் கொடுத்தார். முடித்துவிட்டு ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்கள் என்றார். கடை வக்கீல் நேற்றே வந்து சொல்லிக் கொடுத்திருந்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. தெரியாதுன்னு சொல்றது பொய் சொல்றது ஆகாது.” படித்தவர், அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

சின்ன அறை. அதிகாரி, அவருக்கு முன்னால் மேஜை, எங்களுக்கு நாலு நாற்காலி. வக்கீல், நான், வனஜா உட்கார்ந்தோம். மாரிக்கனி நின்றாள். “உக்காரும்மா” என்று அதிகாரி சொன்னார். “இருக்கட்டும் சார்” என்றாள். இளைத்துப் போயிருந்தாள். முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். இடக்கையைத்தான் சுற்றியிருந்தாள். வேண்டுமென்றே செய்தாளா, தெரியாமல் செய்தாளா, எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

மேஜைமேல் அந்தக் காகிதம் இருந்தது. பக்கத்தில் கண்ணாடிக் கவரில் ஜாக்கெட் துணி, அன்றைக்கு எடுத்த மடிப்பு அப்படியே. வனஜா எழுந்து இரண்டையும் என் முன்னால் நகர்த்தினாள். “அம்மா, இவங்களுக்கு மடிக்கக் கத்துக்குடுத்தது நீங்கதானே?”

“ஆமா.”

“இந்தப் பேப்பரையும் இந்தத் துணியையும் மடிச்சது ஒரே கையா, வேற வேற கையா? உங்களால சொல்ல முடியுமா?”

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். “சார், இதெல்லாம் என்ன கேள்வி?” என்றார். அதிகாரி, “கேக்கட்டும், தெரிஞ்சா சொல்லட்டும்” என்றார். ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மாரிக்கனி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். எனக்குக் கண்ணாடி தேவையில்லை.

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்றாள் வனஜா. “இந்தப் பொண்ணுக்கு வேற சாட்சி கிடையாது.”

“துணின்னா நெசவு பாப்பேன், ஜரிகை பாப்பேன்” என்றேன். “மடிப்பப் பாத்து ஆளச் சொல்ல நான் என்ன ஜோசியமா பாக்கேன்?”

அதிகாரி சிரித்துவிட்டார். வக்கீலும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“தெரியாதுன்னு எழுதிக்கவா?”

“தெரியாது சார்.”

நீங்களே சொல்லுங்கள். நான் தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? மேலே போய் யாரிடம் சொன்னாய்? என்ன சொன்னாய்? ஐம்பத்தொரு வயசில் இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பேன்? அவளுக்கு இருபத்துநாலு. எங்கேயும் நிற்கலாம். நான் அவளுக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆதரவாகத்தான் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றா?

உத்தரவு இருபதாம் தேதி என்றார் அதிகாரி. நான் சொன்னதை டைப் அடித்து நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் எழுந்தார்கள். வக்கீல் போன் பேசிக்கொண்டே முதலில் வெளியே போனார். வனஜா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். அதிகாரி அலமாரிப் பக்கம் திரும்பி ஏதோ ஃபைல் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு உட்கார்ந்த கால் உடனே வராது. மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தேன். மாரிக்கனி எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் காகிதம் மேஜைமேல் விரித்தபடி கிடந்தது. ஃபேன் காற்றில் ஓரம் தூக்கித் தூக்கி அடித்தது. விரித்துப் போட்டதை அப்படியே விட்டுவிட்டு நகர என்னால் முடியாது, பத்தொன்பது வருஷப் பழக்கம். எடுத்து நீளவாக்கில் இரண்டு, குறுக்கே மூன்று மடித்து, கடைசி முனையை இடப்பக்கமிருந்து கொண்டுவந்து உள்ளே செருகி, துணிக் கவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.